வாக்கியத்தின் கடைசிச் சொல் வரும்வரை

(தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைப் பற்றிச் சொல்லித்தான் நான் தொடங்க வேண்டும். எழுத்துகள் எல்லாமே அவளுக்குத் தெரியும். அட்டையில் எதைக் காட்டினாலும் சட்டென்று சொல்லிவிடுவாள். ஒருநாள் எட்டு வரிக் கதை ஒன்றை என் எதிரே உட்கார்ந்து படித்தாள். விரலை வைத்து, எழுத்துக்கூட்டி, ஒரு சொல்லையும் விடாமல், தப்பில்லாமல் படித்து முடித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. "சரி, ஆட்டுக்குட்டி எதுக்காக ஆத்தங்கரைக்குப் போச்சு?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள். "எந்த ஆட்டுக்குட்டி டீச்சர்?" என்றாள்.

இதைக் கவனக்குறைவு என்றுதான் நான் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். "கவனிச்சுப் படி" என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன்! உண்மையில் அந்தச் சிறுமியைப் போலக் கவனித்துப் படித்தவர்கள் யாரும் இல்லை. அவளிடம் இருந்த கவனம் முழுவதும் எழுத்துக்கே செலவாகிவிட்டது. கதைக்கென்று எதுவும் மிஞ்சவில்லை.

1974ஆம் ஆண்டு டேவிட் லாபெர்ஜ், ஜே சாமுவேல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைத்தான் விளக்கினார்கள். ஒரு நேரத்தில் நம் மனம் செலுத்தக்கூடிய கவனத்துக்கு ஓர் எல்லை உண்டு. சொல்லை அடையாளம் காண்பதற்கே அது தீர்ந்துவிட்டால், பொருளைப் புரிந்துகொள்ள ஒன்றும் மிஞ்சாது. சொல்லை அடையாளம் காண்பது சைக்கிள் மிதிப்பதுபோலத் தானாக நடக்கத் தொடங்கிய பிறகுதான் மனம் பொருளின் பக்கம் திரும்பும்.

நம் மொழியில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. நாம் அதைப் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம். இந்த வாக்கியத்தைக் கேளுங்கள்: "நேற்று மாலை மழையில் நனைந்தபடி ஓடிவந்த தம்பியின் தலையை அம்மா துண்டால் துவட்டிவிட்டாள்." பத்துச் சொற்கள். என்ன நடந்தது என்பது பத்தாவது சொல்லில்தான் தெரிகிறது. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வரும். மழை, தம்பி, தலை, அம்மா, துண்டு என்று எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டு, அந்தக் கடைசிச் சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு சொல்லுக்கு மூன்று விநாடி எடுக்கும் குழந்தை, "துவட்டிவிட்டாள்" என்ற இடத்துக்கு வர அரை நிமிடம் ஆகும். அதற்குள் மழையும் போய்விடும், தம்பியும் போய்விடுவான். யார் தலையை, யார் துவட்டினார்கள் என்று கேட்டால் குழந்தை விழிக்கத்தானே செய்யும்?

எழுத்தைத் தனித்தனியாக அறிவது மட்டும் இங்கே உதவாது. "பக்கம்" என்பதில் வரும் ககரம் வேறு, "பாகம்" என்பதில் ஒலிக்கும் ககரம் வேறு, "தங்கம்" என்பதில் வேறு. எழுத்து ஒன்றுதான், சொல்லுக்குள் போனதும் ஒலி மாறுகிறது. ஆகவே, சொல்லை முழுச் சொல்லாகக் கண்ணால் பிடிக்கும் பழக்கம் வேண்டும். ஒரே சொல்லைப் பல இடங்களில், பலமுறை சந்தித்தால்தான் அந்தப் பழக்கம் வரும்.

சரளம் என்றதும் பலர் வேகத்தை நினைக்கிறார்கள். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு "இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்று விரட்டினால், பிள்ளை முற்றுப்புள்ளியைத் தாண்டி ஓடும், சொல்லின் வால்பகுதியை விழுங்கும். சரளம் என்பது பிழையில்லாமை, இயல்பான வேகம், பொருளுக்கேற்ற குரல் ஆகிய மூன்றும் சேர்ந்தது. மூன்றாவதைத்தான் நாம் அலங்காரமாக நினைத்து ஒதுக்கிவிடுகிறோம். "மரத்தடியில் தூங்கிய சிறுவனின் நாய்" என்று எழுதியிருக்கிறது. தூங்கியது யார்? "தூங்கிய" என்ற சொல்லுக்குப் பிறகு சற்று நிறுத்தினால் தூங்கியது நாய். "சிறுவனின்" என்பதற்குப் பிறகு நிறுத்தினால் தூங்கியவன் சிறுவன். எங்கே நிறுத்துவது என்று தெரிந்த குழந்தைக்குப் பொருள் தெரிந்திருக்கிறது. சொல் சொல்லாக நிறுத்தும் குழந்தைக்கு இரண்டில் எதுவுமே கிடைப்பதில்லை.

அளப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிடம் படிக்கச் சொல்லி, சரியாகப் படித்த சொற்களை எண்ணுவது நல்ல முறைதான். ஆனால் ஆங்கிலத்துக்கான எண்ணைத் தமிழுக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். வாசிப்பு ஆய்வாளர்களான ஹாஸ்பிரூக்கும் டிண்டலும் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி, இரண்டாம் வகுப்பு முடிவில் நடுநிலையில் இருக்கும் குழந்தை நிமிடத்துக்கு 100 ஆங்கிலச் சொற்கள் படிக்கிறது. "போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து" என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஐந்து சொற்களாவது வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் நம் பிள்ளைகளுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். அந்தக் குழந்தையின் போன மாதத்து எண்ணோடு இந்த மாதத்து எண்ணை ஒப்பிடுங்கள், அதுவே போதும்.

அப்புறம், வகுப்பில் நாம் செய்யும் ஒரு வேலையைப் பற்றிப் பேச வேண்டும். ஆளுக்கொரு பத்தியாக வரிசையில் படிக்க வைக்கிறோம். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். நாற்பது நிமிட வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்றால், ஒரு பிள்ளை வாய் திறப்பது ஒரு நிமிடம். மீதி முப்பத்தொன்பது நிமிடமும் தன் பத்தி எது என்று எண்ணிக்கொண்டிருக்கும். தடுமாறுகிற பிள்ளை, எல்லார் முன்னாலும் தடுமாறுகிறது. அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கேட்பதில்லை.

அதற்குப் பதிலாக என்ன செய்யலாம்? 1979இல் சாமுவேல்ஸ் எழுதிக்காட்டிய வழி மிக எளிமையானது. 50 முதல் 200 சொற்கள் வரை உள்ள ஒரு சிறு பத்தியை, சரளம் வரும்வரை திரும்பத் திரும்பப் படிப்பது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, வழிகாட்டுதலோடு வாய்விட்டுத் திரும்பப் படிப்பது சொல்லறிவு, சரளம், பொருளுணர்வு மூன்றுக்கும் உதவுகிறது என்றது.

என் வகுப்பில் முதலில் நான் குரல் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக்காட்டுவேன், பிள்ளைகள் விரலால் வரியைத் தொடர்வார்கள். பிறகு எல்லாரும் என்னோடு சேர்ந்து. பிறகு இரண்டிரண்டு பேராக, ஒருவர் படிக்க மற்றவர் கேட்க. கடைசியில்தான் தனியாக. நாற்பது வாய்களும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். சத்தம் இருக்கும், பரவாயில்லை. பிள்ளை ஒரு சொல்லில் நின்றால் மூன்று விநாடி காத்திருப்பேன், வரவில்லையென்றால் சொல்லைக் கொடுத்துவிடுவேன். வாக்கியத்தின் நடுவில் எழுத்துக்கூட்டச் சொல்வதில்லை. அந்த வாக்கியத்தை முதலிலிருந்து இன்னொருமுறை படிக்கச் சொல்வேன், ஏனென்றால் அறுந்த நூல் சேர வேண்டும். நூறு சொற்களில் பத்துக்கு மேல் தடுமாறினால், பத்தியை மாற்றிவிடுவேன்.

"திரும்பத் திரும்பப் படிச்சா மனப்பாடம் ஆயிடாதா?" என்று பெற்றோர் கேட்பீர்கள். சாமுவேல்ஸ் கண்டது இதுதான்: பழகிய பத்தியில் மட்டும் வேகம் கூடவில்லை. அடுத்த புதுப் பத்தியை முதன்முறை படிக்கும்போதே குழந்தை முன்பைவிட நன்றாகத் தொடங்கியது, சரளம் வருவதற்கான தடவைகளும் குறைந்தன. சலிப்புத் தட்டாமல் இருக்க உரையாடல்களைப் பாத்திரம் பிரித்துப் படிக்க விடுங்கள். நரிக்கு ஒரு குரல், காகத்துக்கு ஒரு குரல் என்று வந்துவிட்டால் பத்தாவது முறையும் அவர்களே கேட்டுப் படிப்பார்கள்.

அந்தச் சிறுமியோடு இப்படி ஐந்தாறு வாரங்கள் உட்கார்ந்தேன். ஒருநாள் படித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். சொல் வரவில்லை போல என்று எண்ணி நான் எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன். "டீச்சர், குருவிக்கு முன்னாலேயே தெரியுமில்ல, அப்பவே ஏன் சொல்லல?" என்றாள்.

இன்னொரு குழந்தையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சரளமே எல்லாம் என்று சொன்னதாகிவிடும். அதே வகுப்பில் ஒரு பையன். கடகடவென்று படிப்பான், பிழையே இருக்காது. கேள்வி கேட்டால் பதில் வராது. அவனுக்கு நான் அந்தப் பத்தியை வாசித்துக்காட்டிக் கேள்வி கேட்டேன். காதால் கேட்டும் அவனுக்குப் புரியவில்லை. 1986இல் காஃப், டன்மர் என்ற இருவர் வாசித்துப் புரிந்துகொள்வதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறன் ஒருபக்கம், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் மறுபக்கம். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். காதால் கேட்டால் புரிகிறது, படித்தால் புரியவில்லை என்றால் சரளப் பயிற்சி கொடுங்கள். கேட்டும் புரியவில்லை என்றால் அந்தப் பயிற்சியால் பயனில்லை, அந்தப் பிள்ளைக்குச் சொற்கள் வேண்டும், பேச்சு வேண்டும், கதை வேண்டும். அந்தப் பையனுக்குத் தினமும் பத்து நிமிடம் நான் வாசிக்கிறேன், அவன் கேட்கிறான். நடுநடுவே நிறுத்தி, வந்த சொற்களைப் பற்றிப் பேசுகிறோம். "தயங்கினான்" என்றால் என்ன என்று போன வாரம் எனக்கு நடித்துக் காட்டினான்.