ஐம்பது ஆண்டுக் கணக்கு: திருகோணமலையின் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் பணம் எங்கிருந்து வரவேண்டும்?

[காட்சி: கந்தளாய்க் குளக்கட்டு, காலை வெளிச்சம்]

வணக்கம். திருகோணமலை நகரத்து வீடொன்றில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர், ஏறத்தாழ 40 கிலோமீற்றருக்கு அப்பால் கந்தளாய்க் குளத்தில் நின்ற தண்ணீர். அது அங்கே சுத்திகரிக்கப்பட்டு, பெருங்குழாய்களின் வழியே கடலோரம் வரை வந்து, நீர்த்தாங்கிகளில் ஏறி, ஒழுங்கை ஒழுங்கையாகப் பிரிந்து வீட்டு வாசலை அடைகிறது. குடித்து, குளித்து, கழுவி முடிந்த பின்னர் அது போகும் வழியோ மிகக் குறுகியது. வளவின் பின்புறத்து மலசலகூடக் குழியோடு அந்தப் பயணம் முடிந்துவிடுகிறது. நகரம் முழுவதையும் இணைக்கும் கழிவுநீர்க் குழாய் வலையமைப்பு இங்கு இன்னும் இல்லை. இலங்கை முழுவதையும் எடுத்துக்கொண்டாலும், நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் அந்த வசதி இருக்கிறது.

குழாய்களை எப்படிப் பதிப்பது என்பதைப் பொறியியலாளர்கள் அறிவார்கள். பதித்த குழாயை ஐம்பது ஆண்டுகள் உயிரோடு வைத்திருக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பதையே இந்த விளக்கத்தில் பார்க்கப்போகிறோம்.

[காட்சி: வீதியோரத்தில் தோண்டப்பட்ட குழி, உள்ளே வெடித்த குழாய்]

ஒரு குழாய் உடைப்பை அருகிலிருந்து பாருங்கள். தார் வீதியின் ஓரம் முதலில் ஈரமாகி, பிறகு மெல்லத் தாழ்கிறது. வால்வைப் பூட்டிவிட்டு இரண்டு தொழிலாளர்கள் குழி தோண்டுகிறார்கள். சேற்றுத் தண்ணீரை வாளியால் இறைத்த பிறகே வெடிப்பு கண்ணுக்குத் தெரிகிறது. வெடித்த துண்டை அறுத்து எடுத்து, புதிய துண்டை வைத்து, இரு முனைகளிலும் இறப்பர் வளையம் போட்டு இறுக்கி, மண்ணை நிரப்புகிறார்கள். செலவு ‘திருத்தவேலை’ என்ற தலைப்பில் எழுதப்படுகிறது. அந்தத் துண்டுக்கு இரு பக்கமும் இருக்கும் குழாய்க்கும் அதே வயதுதான் என்பதால், சில மாதங்களில் பத்து யார் தூரம் தள்ளி இன்னொரு குழி தோண்டப்படுகிறது. குழாயின் ஆயுள் முடிந்துவிட்டது என்ற உண்மை இவ்வாறு சிறுசிறு திருத்தங்களுக்குள் மறைந்துபோவதால், மாற்றீட்டுக்கென்று எவரும் பணம் கேட்பதில்லை.

ஓர் எளிய கணக்குப் போடுவோம். ஒரு நகரின் நிலத்தடியில் 100 கிலோமீற்றர் குழாய் இருப்பதாகவும், அதன் ஆயுள் 50 ஆண்டுகள் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஆண்டுக்கு 2 கிலோமீற்றர் குழாயை மாற்றிக்கொண்டே வரவேண்டும். பத்து ஆண்டுகள் அதைச் செய்யாமல் விட்டால், 20 கிலோமீற்றர் வேலை அடுத்த தலைமுறையின் தலையில் ஏறுகிறது. வங்கியில் வாங்கிய கடனாக இருந்தால் ஆண்டறிக்கையில் ஒரு வரியாவது வந்திருக்கும்; மண்ணுக்குள் சேரும் இந்தக் கடன் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பம்பிகளுக்கு ஆயுள் பதினைந்து, இருபது ஆண்டுகள்தான். நீர்மானிகளுக்கு அதனிலும் குறைவு. ஆகவே ‘திட்டச் செலவு’ என்று திறப்பு விழாவில் வாசிக்கப்படும் தொகை, அந்தத் திட்டத்தின் முழு ஆயுட்காலச் செலவில் ஒரு பகுதி மட்டுமே.

கட்டுவதற்குப் பணம் கிடைக்கிறது. வெளிநாட்டுக் கடனாகவோ நன்கொடையாகவோ அது வந்துசேரும். பராமரிப்புக்குப் பொதுவாக எந்த நாடும் கடன் தருவதில்லை. தரவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையில்லை. அது உள்ளூரிலிருந்து, ரூபாயில், ஆண்டு தவறாமல் வரவேண்டிய பணம்.

[காட்சி: நீர்க் கட்டணப் பட்டியல், அலகுகளும் ரூபாயும்]

1975 முதல் இயங்கிவரும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, 2012 இல் நீர்க் கட்டணத்தை உயர்த்திய பின்னர், 2022 செப்டெம்பர் வரை ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அதனை மாற்றவில்லை. அந்தப் பத்து ஆண்டுகளில் மின்சாரம், குளோரின், எரிபொருள், குழாய், சம்பளம் எல்லாமே விலை ஏறின. பிறகு 2022 இலும் 2023 ஓகஸ்டிலும் அடுத்தடுத்துப் பெரிய உயர்வுகள் வந்தபோது, வேலையிழப்பிலும் விலைவாசியிலும் நசுங்கிக்கொண்டிருந்த குடும்பங்களே அதையும் தாங்கவேண்டியிருந்தது. ஆண்டுதோறும் சிறிதளவு, முன்கூட்டியே அறிவித்து உயர்த்தியிருந்தால் அந்த அதிர்ச்சி இருந்திராது. கட்டணத்தை உயர்த்தாமல் வைத்திருப்பது ஏழைக்குச் செய்யும் உதவி என்ற எண்ணம் பிழையானது என்பதை அந்த இரண்டு ஆண்டுகளும் காட்டிவிட்டன.

அதே காலத்தில் இன்னொரு பாடமும் கிடைத்தது. 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியது. ஒரு கோடி டொலர் கடன் 200 கோடி ரூபாவிலிருந்து 360 கோடி ரூபாவாயிற்று. ஓர் அடி குழாய்கூடக் கூடுதலாகப் பதிக்கப்படவில்லை. தண்ணீர்ப் பட்டியலை மக்கள் ரூபாயில் செலுத்துகிறார்கள், கடனை நாடு டொலரிலும் யென்னிலும் செலுத்துகிறது. இந்த இடைவெளியை நாணய மதிப்பு வீழும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் நிரப்பியாக வேண்டும். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியபோது, கடன் வழங்கிய நாடுகளும் பணம் விடுவிப்பதை நிறுத்தின. ஜப்பானின் நிதியில் நடந்துவந்த வேலைகள் 2024 ஜூலையில்தான் மீண்டும் அனுமதி பெற்றன. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில், பாதி தோண்டிய வீதிகளோடு வாழ்ந்தவர்கள் பலர்.

[காட்சி: சுவாமிமலை, கோணேசர் ஆலயம், கீழே கடல்]

பராமரிப்புக்கு நிரந்தர வருவாய் ஒதுக்கவேண்டும் என்பது நமக்குப் புதிய சிந்தனை இல்லை. குளக்கோட்டு மன்னன் கோணேசர் ஆலயத்தைத் திருப்பணி செய்ததோடு நின்றுவிடாமல், அதன் நித்திய கருமங்களுக்கு நெல் கிடைக்கும்படி கந்தளாய்க் குளத்தையும் வயல்களையும் அமைத்து, இன்னின்ன தொழும்பை இன்னின்னார் செய்யவேண்டும் என்று வகுத்தான் என்பது இந்த மண்ணின் மரபு. சோழநாட்டில் ஏரியைத் தூர்வாரவும் கரை கட்டவும் ‘ஏரிப்பட்டி’ என்று நிலத்தை ஒதுக்கினார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரிவாரியம் என்ற குழுவே பேசப்படுகிறது. கட்டும்போதே காக்கும் வழியையும் எழுதிவைத்தார்கள். அந்தக் கந்தளாய்க் குளத்தின் கட்டு 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி உடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். குழாயின் மறுமுனையில் இருக்கும் மூலாதாரத்துக்கும் காவல் வேண்டும், அந்தக் காவலுக்கும் பணம் வேண்டும்.

[காட்சி: உப்புவெளிப் பக்கத்து வளவு ஒன்று, கிணறும் மலசலகூடமும் அருகருகே]

இனி, யார் செலுத்துவது? குடிநீரில் விடை ஓரளவு நேரானது: பயன்படுத்துபவர் பயன்படுத்தும் அளவுக்குச் செலுத்துகிறார், இயலாதவருக்கு அரசாங்கம் கைகொடுக்கிறது. கழிவுநீரில் அப்படி இல்லை. உப்புவெளி, நிலாவெளிக் கரையோர மணலில் நன்னீர், உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகவே நிற்கிறது. அந்த மணலில் ஒரு வீட்டின் குழி கசிந்தால், கெடுவது அயல்வீட்டின் கிணறு. ஒரு விடுதியின் கழிவு கசிந்தால், கெடுவது மீனவரும் பிள்ளைகளும் இறங்கும் கடல். குழியைச் சரியாகப் பராமரிப்பவருக்குக் கிடைக்கும் நன்மையைவிட, அவரைச் சுற்றியிருப்பவர்களுக்குக் கிடைக்கும் நன்மையே அதிகம். எனவே கழிவுநீர்ச் செலவு முழுவதையும் வீட்டுப் பட்டியலில் ஏற்றுவது நியாயமாகாது. ஒரு பங்கு மாதக் கட்டணமாகவும், ஒரு பங்கு உள்ளூராட்சி மன்றத்தின் சோலைவரியிலிருந்தும், ஒரு பங்கு திறைசேரியிலிருந்தும் வரவேண்டும். உல்லாச விடுதிகள் தங்கள் அளவுக்கேற்ற பங்கைச் செலுத்தவேண்டும். இதில் அரசாங்கம் தரும் பங்கைச் சலுகை என்று சொல்லாமல், பொதுச் சுகாதாரத்துக்கான கடமை என்றே நான் சொல்வேன்.

மக்கள் செலுத்தமாட்டார்கள் என்று சொல்பவர்கள் ஆலந்தூரைப் பார்க்கவேண்டும். அப்போது சென்னையை ஒட்டித் தனியாக இருந்த அந்த நகராட்சி, 1990 களின் பிற்பகுதியில் நிலத்தடிக் கழிவுநீர்த் திட்டமொன்றைத் தொடங்கும் முன்னரே, ஒவ்வொரு வீட்டிடமும் 5,000 இந்திய ரூபா வைப்புத்தொகை கேட்டது. உறுப்பினர்கள் வீடு வீடாகப் போய் விளக்கினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரு குழாயும் பதிக்கப்படாத நிலையிலேயே பணம் கட்டின. மீதி கடனாகவும் மானியமாகவும் வந்தது. இணைப்புக்குப் பிறகு வீடுகளுக்கு மாதக் கட்டணம் 150 ரூபா என்று வைக்கப்பட்டது. கணக்கு முன்கூட்டியே வெளிப்படையாக வைக்கப்பட்டதுதான் அங்கே நம்பிக்கையைத் தந்தது. அதே தமிழ்நாட்டில், 2000 களின் தொடக்கத்தில், தனித்தனியே சந்தையில் கடன் பெற முடியாத 13 சிறிய நகர உள்ளாட்சி மன்றங்களுக்காகப் பொதுவான ஒரு கடன்பத்திரம் வெளியிடப்பட்டது. திருகோணமலை, கிண்ணியா, மூதூர் ஆகியவை சேர்ந்து சிந்திக்க இது ஒரு வழி. ஆனால் இங்கே அதற்குச் சட்டமும் இடங்கொடுக்கவேண்டும்.

சேர்ந்த பணத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 1987 ஆம் ஆண்டு நீர்த்தரச் சட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சுழல்நிதியை உருவாக்கியது. மத்திய அரசு முதலிட, மாநிலம் அதற்கு 20 வீதம் சேர்க்கிறது. ஊர்கள் குறைந்த வட்டியில் கடன் பெற்றுத் திருப்பிச் செலுத்த, அந்தப் பணம் அடுத்த ஊருக்குப் போகிறது. ஒரே முதல் பல தலைமுறைகளுக்குப் பயன்படுகிறது. நமது மாகாணத்துக்கு அப்படி ஒரு நிதியம் அமைக்கப்படுமானால், வேறு செலவுக்கு அதைத் தொடமுடியாது என்று சட்டத்திலேயே எழுதப்படவேண்டும். அவ்வாறு எழுதப்படாவிட்டால் முதல் நெருக்கடியிலேயே அது கரைந்துவிடும்.

[காட்சி: நகரின் மேலிருந்து, உட்துறைமுகமும் தாழ்ந்த தெருக்களும்]

திருகோணமலைக்குக் கழிவுநீர்க் குழாய் வந்தால் அதன் செலவு எங்கே ஏறும்? கழிவுநீர் தானாக ஓடச் சரிவு வேண்டும். தாழ்ந்த, தட்டையான தெருக்களில் சரிவைத் தேடிக் குழாயை ஆழத்துக்கு ஆழம் இறக்கவேண்டிவரும். ஒரு கட்டத்தில் நீரேற்று நிலையம் அமைத்து மேலே தூக்கவேண்டும். ஒவ்வொரு நிலையமும் நாள் முழுவதும் மின்சாரம் கேட்கும். வெப்பமான காலநிலையில், மெதுவாக ஓடும் கழிவிலிருந்து எழும் ஐதரசன் சல்பைட்டு வாயு அமிலமாக மாறி, கொங்கிறீற்றுக் குழாயின் மேற்புறத்தை அரித்துவிடும். விலை குறைந்த குழாயைத் தேர்ந்தால் இருபது, முப்பது ஆண்டுகளில் அதே பள்ளத்தை மறுபடி தோண்டவேண்டிவரலாம். விலைமனுவில் மிகக் குறைந்த தொகைக்கு வேலையைக் கொடுக்கும் வழக்கம், ஆயுட்காலச் செலவைப் பார்க்காதவரை, இங்கே நமக்கு நட்டத்தையே தரும்.

ஆகவே என் கருத்து இது: நெரிசலான நகர மையத்துக்குக் குழாய் வலையமைப்பு, இட வசதியுள்ள புறநகருக்கு ஒழுங்கான குழிகளும் அவற்றை முறைவைத்து வெறுமையாக்கும் சேவையும். குழி நிரம்பி வழிந்த பிறகு பவுசரைத் தேடி அலைவதை விட்டு, மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பவுசர் தானாக வரவேண்டும். அதன் செலவு சிறு தொகையாக மாதப் பட்டியலில் சேரவேண்டும். பவுசர் கொண்டுபோவதைச் சுத்திகரிக்க ஒரு நிலையமும் வேண்டும். இல்லாவிட்டால் கழிவு ஒரு வளவிலிருந்து இன்னொரு பற்றைக் காட்டுக்கு இடம் மாறுவதோடு சரி.

இதற்கு வெளிநாட்டுக் கடன் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. எந்த ஒழுங்கையில் எந்த ஆண்டு என்ன குழாய் பதிக்கப்பட்டது, எந்த வளவில் எத்தகைய குழி இருக்கிறது என்ற பதிவேட்டை அடுத்த ஆண்டிலேயே தொடங்கலாம். உள்ளூராட்சி மன்றங்களின் வரவு செலவுத் திட்டம் நிறைவேற்றப்படுவதற்கு முன்னர் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. அதைப் போய்ப் பாருங்கள். ‘மாற்றீட்டு ஒதுக்கம்’ என்று ஒரு வரி அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று உங்கள் வட்டாரத்து உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள்.