நிறுத்தத்தின் பெயரில் நிற்கும் சென்னை

நேயர்களுக்கு என் வணக்கம்.

திருவல்லிக்கேணிப் பக்கம் மாநகரப் பேருந்தில் போகிறவர்கள், நடத்துநர் வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டு, "ஐஸ் ஹவுஸ் இறங்குறவங்க முன்னாடி வாங்க" என்று குரல் கொடுப்பதைக் கேட்டிருப்பீர்கள். இறங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயருக்கு உரிய கட்டடத்தை நினைத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். நிறுத்தத்திலிருந்து கடலை நோக்கிச் சிறிது தூரம் நடந்தால், வளைந்த முகப்போடு நிற்கிறது அது. இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம்.

1842-இல் அது பனிக்கட்டிக் கிடங்காகக் கட்டப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஏரிகளிலிருந்து பனியைப் பாளம் பாளமாக அறுத்தெடுத்து, உருகாதிருக்க மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கடலில் கொண்டுவந்து, இந்தக் கரையில் இறக்கி விற்றார்கள். அதை நடத்தியவர் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர். நீராவி இயந்திரத்தின் துணையால் பனிக்கட்டியை இங்கேயே தயாரிக்கத் தொடங்கியதும் அந்த வணிகம் படுத்துவிட்டது. கட்டடம் கைமாறி வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரிடம் வந்தது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். இத்தனைக்குப் பிறகும் நடத்துநரின் வாயில் அது ஐஸ் ஹவுஸ்தான். ஆவணக் காப்பகம் செய்யவேண்டிய வேலையை, பயணச்சீட்டு கொடுப்பவர் நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறார் என்றே நான் கருதுகிறேன்.

ஜெமினியும் அப்படித்தான். திரைப்படத் தயாரிப்பாளர் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி படப்பிடிப்பு வளாகம் அங்கிருந்து மறைந்து நெடுங்காலமாகிறது. 1973-இல் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்பதே முறையான பெயர். ஆனாலும் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் செல்லும் 29சி பேருந்தில் ஏறி, "ஜெமினி ஒன்று" என்றால் போதும்.

வடசென்னையின் பெயர்களோ தொழிலையும் மனிதர்களையும் சேர்த்தே சுமக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்தவர்கள் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. நகரின் நடுவே, 1730-களில் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப் பேட்டை என்பதே அப்படித் திரிந்தது என்பார்கள். தண்டையார்பேட்டையின் பெயரை, தொண்டியிலிருந்து வந்து அங்கே வாழ்ந்த சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபோடு இணைத்துச் சொல்லும் வழக்கம் உண்டு. அவரைத் தொண்டியார் என்று மக்கள் அழைத்தார்களாம். 2021-இல் அந்தப் பகுதிக்கு மெட்ரோ ரயில் வந்தபோது, நிலையத்துக்குத் தண்டையார்பேட்டை என்ற பெயரே வைக்கப்பட்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியளித்தது.

மகிழ்ச்சியோடு ஒரு மனக்குறையும் உண்டு. ராயபுரம் ரயில் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது அங்கிருந்துதான். நாட்டில் இன்றும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் அதுவே மிகப் பழமையானது. எழும்பூர் நிலையம் 1908-இல்தான் திறக்கப்பட்டது என்பதை நினைத்தால், ராயபுரத்தின் மூப்பு விளங்கும். ஆயினும் புறநகர் ரயிலில் அன்றாடம் அவ்வழியே போகும் மாணவர், ஜன்னல் வழியே அந்த உயர்ந்த தூண்களைப் பார்த்துவிட்டு, அவை யாருடையவை, எப்போது எழுந்தவை என்று அறியாமலே கடந்துபோகிறார்.

பெரிய நினைவுச் சின்னம் எதையும் நான் கேட்கவில்லை. பேருந்து நிறுத்தத்திலும் ரயில் நடைமேடையிலும் ஏற்கெனவே பெயர்ப்பலகை இருக்கிறது. அதன் அடியில் ஓர் ஆண்டும் ஒரு வரியும் எழுதினால் போதும். ஐஸ் ஹவுஸ் நிறுத்தத்தில் இப்படி எழுதலாம்: "1842. கப்பலில் வந்த அமெரிக்கப் பனிக்கட்டி இங்கு அருகில் சேமிக்கப்பட்டது. கட்டடத்தைக் காணக் கடற்கரை நோக்கி நடக்கவும்."