யார் மூச்சு விடுகிறார்கள்?

எல்லோருக்கும் வணக்கம். பெற்றோர் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உள்ளே நுழையும்போதே ஒருவர் கேட்டுவிட்டார்: "பத்தாவது படிக்கிற பிள்ளைக்குப் பாட்டுக் குழு எதுக்கு சார்?" சரி, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எட்டாம் வகுப்பு வரை நான் இறைவணக்கப் பாடலுக்கு முன்வரிசை. ஒரு திங்கட்கிழமை மேல் ஸ்தாயியில் குரல் கிறீச்சிட்டது, மைதானமே சிரித்தது. "இனிமே வாயை மட்டும் அசை" என்றார் ஆசிரியர். இரண்டு வருஷம் அசைத்தேன்.

அந்த வயதில் பையன்களுக்குக் குரல்நாண்கள் நீண்டு தடிக்கும். குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு 'ச'விலிருந்து அடுத்த 'ச' வரைக்குமான தூரம், இறங்கிவிடும். பெண்பிள்ளைகள் குரலும் மாறும், ஆனால் இவ்வளவு அம்பலப்படுத்தாது. எல்லோரும் ஒரே மெட்டை ஒரே உயரத்தில் பாடினால் உடைந்த குரலுக்கு இடம் கிடைக்காதுதான். சேர்ந்திசை அப்படியல்ல. மேலே ஒரு வரிசை, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி மெட்டு. இறங்கிய குரலுக்கு ஐந்தே சுரத்தில் ஒரு வரி எழுதிக் கொடுக்கலாம். அந்த வரி இல்லாவிட்டால் மேலே பாடுகிறவர்களுக்குத் தரை இருக்காது. சினிமாவுக்கு இசையமைத்த எம்.பி. சீனிவாசன் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கி, பாரதி பாடல்களை இப்படிப் பல குரல்களாகப் பிரித்துப் பாட வைத்தார். எனக்கு அது தெரிய வந்தபோது கல்லூரியே முடிந்திருந்தது.

அப்புறம், மூச்சு. 2013இல் சுவீடனின் கோதன்பர்க் நகரில் 18 வயது மாணவர்களைச் சேர்ந்து பாடவைத்து இதயத்துடிப்பை அளந்தார்கள். பாட்டின் வரிகளுக்கேற்ப மூச்சு ஒத்துப்போக, துடிப்பின் ஏற்ற இறக்கமும் ஒன்றாகப் போனதாம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது நேர்மாறான ஒரு வித்தை. நீண்ட கார்வை, அதாவது ஒரே சுரத்தை இழுத்துப் பிடிக்கிற இடம், வந்தால் யாரும் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து மூச்சு எடுக்கக் கூடாது. ஒருத்தி நிறுத்தி, மூச்சு இழுத்து, சத்தமில்லாமல் திரும்பச் சேர்ந்துகொள்வாள். அதுவரை மற்றவர்கள் தாங்குவார்கள். வீட்டில், வகுப்பில், டியூஷனில் எங்கேயும் ஒரு நொடி நிற்க முடியாத பிள்ளை இங்கே நிற்கலாம், பாட்டு அறுந்துபோகாது.

இப்போது பிள்ளைகள் பாடப்போகிறார்கள். கடைசி அடியில் ஒரு பெரிய கார்வை வரும். யார் எப்போது மூச்சு எடுக்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள், பார்ப்போம்.