மிளகுக்காக நான் வைத்த ஒப்பம்

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் ரயில் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் எங்கள் தொடர்மாடி, தண்டவாளம் எட்டிப் பார்க்கும் தூரம்தான்.

இந்தத் தாளைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவருகிறேன், பாருங்கள். என் பூனை மிளகை மிருகக் காப்பகத்தில் இருந்து கொண்டுவந்த நாளில் கொடுத்தது. நாலாவது வரி: "குட்டிக்கு ஆறு மாதம் முடிவதற்குள் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விப்பேன்." கீழே இருப்பது என் ஒப்பம். அந்த வரியை நான் காப்பாற்றவில்லை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன். காப்பகத்தில் இருந்து நாயோ பூனையோ எடுக்க நினைப்பவர்கள், எடுத்துவிட்டு "பிறகு பார்ப்போம்" என்று இருப்பவர்கள், கடைசி வரைக்கும் இருங்கள்.

மிளகு வரும்போது மூன்று மாதம். உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடுவாள். ஆறு மாதத்துக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். நாலாம் மாதம் மழை. ஐந்தாம் மாதம் வேலை. அம்மா வேறு, "பாவம் பிள்ளை, ஒருதரமாவது குட்டி போட்டுப் பார்க்கட்டும்" என்றார். அம்மா அன்பில்தான் சொன்னார், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருமுறை குட்டி போட்டால்தான் பெண் பூனைக்கோ பெண் நாய்க்கோ உடம்புக்கு நல்லது என்பது சரியில்லை. முதல் பருவத்துக்கு, அதாவது இணைசேரத் துடிக்கிற காலத்துக்கு, முன்பே கருத்தடை செய்த பெண் நாய்களுக்கும் பூனைகளுக்கும் முலைக்கட்டி வரும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் என்று ஒன்று இருக்கிறது, கவனிக்காமல் விட்டால் உயிரையே எடுக்கும். கருப்பையும் சூலகமும் எடுத்த மிருகத்துக்கு அந்தப் பயம் இல்லை.

ஐந்தரை மாதத்தில் ஒருநாள் இரவு மிளகு நிலத்தில் உருண்டு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, குழந்தை அழுவது போலக் கத்தத் தொடங்கினாள். கீழ் வீட்டு அன்ரி கதவைத் தட்டி, "பிள்ளை, பூனைக்கு வயிற்றுவலியோ?" என்று கேட்டார். நானும் அப்படித்தான் பயந்தேன். மறுநாள் மிருக வைத்தியரிடம் ஓடினால், "வலி இல்லை, பருவத்துக்கு வந்திருக்கிறாள்" என்றார். நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வருகிற பூனைகளும் உண்டாம்.

அவர் அன்றைக்கு விளக்கிய ஒரு விஷயம் கொழும்பில் இருக்கிற எல்லோருக்கும் தெரிய வேண்டும். பூனையின் பருவத்தைப் பகல் வெளிச்சம்தான் நடத்துகிறது. குளிர் நாடுகளில் பகல் சுருங்குகிற மாதங்களில் பூனைகளுக்கு அது அடங்கிவிடும். நாங்கள் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் இங்கே ஒரு மணித்தியால வித்தியாசம் கூடக் கிடையாது. ஆகவே எங்கள் ஊர்ப் பூனைக்கு ஓய்வு மாதம் என்று ஒன்றும் இல்லை. சினைப்படவில்லை என்றால் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பவும் பருவத்துக்கு வரும். வெளிநாட்டு வீடியோக்களில் "குட்டிக் காலம் வசந்தத்தில்தான்" என்று சொல்வதைக் கேட்டு இங்கே நாள் குறிக்காதீர்கள்.

சரி, அடுத்த கிழமைக்கு நாள் எடுத்தேன். அதற்குள் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்த தம்பிக்குக் கதவைத் திறந்த அந்த ஒரு நிமிடத்தில் மிளகு படியிறங்கிப் போய்விட்டாள். இரண்டு நாள் ஒழுங்கை முழுக்கத் தேடினேன். மூன்றாம் நாள் அவளாகவே வந்து வாசலில் நின்றாள். ஒன்பது வாரத்தில் நாலு குட்டிகள்.

ஒன்று மூன்றாம் நாளே போய்விட்டது. அதைப் பற்றி அதிகம் பேச எனக்கு முடியவில்லை.

மற்ற மூன்றும் பாலுக்கு முட்டிக்கொண்டு கிடக்கும்போது வைத்தியர் இன்னொரு எச்சரிக்கை தந்தார். பால் கொடுத்துக்கொண்டிருக்கிற பூனையும் சினைப்படும். பால் கொடுக்கிறாள், இப்போதைக்குப் பயமில்லை என்று நினைத்துத்தான் பல வீடுகளில் இரண்டாவது ஈற்று வந்துவிடுகிறது. எங்கள் வீட்டு யன்னல்களுக்கு எல்லாம் வலை அடித்தோம். குட்டிகள் பால் மறந்து, முலை வற்றிய பிறகு சத்திரசிகிச்சை முடிந்தது. காலையில் கொண்டுபோனேன், பின்னேரம் கூட்டி வந்துவிட்டேன். கழுத்தில் புனல் மாதிரி ஒன்று போட்டிருந்தார்கள், தையலை நக்காமல் இருக்க. பத்து நாள் அலுமாரிக்கு மேலே பாயவிடாமல் பார்த்துக்கொண்டேன். அவ்வளவுதான். இதற்காகவா அத்தனை மாதம் தள்ளினேன் என்று இருந்தது. முந்தைய இரவு எத்தனை மணிக்குச் சாப்பாட்டை நிறுத்துவது என்பதை உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள். சின்னக் குட்டியை நீண்ட நேரம் பட்டினி போட்டால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும், பெரிய பூனைக்குரிய கணக்கு அதற்குப் பொருந்தாது.

இப்போது என் மனதில் கிடக்கிற விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் காப்பகங்கள் ஒப்பம் வாங்குகின்றன, பிறகு தொலைபேசியில் விசாரிக்கின்றன. எனக்கும் ஒரு தொண்டர் அழைத்தார். இரண்டு தடவை எடுக்கவில்லை, வெட்கத்தில். அந்தப் பிள்ளை வேறு என்ன செய்ய முடியும்? அமெரிக்காவில் பல மாநிலங்களில் இது சட்டமாகவே இருக்கிறது. கலிபோர்னியாவில் காப்பகத்து நாய், பூனைகளைக் கருத்தடை செய்த பிறகுதான் பொதுவாகக் கையில் கொடுப்பார்கள். மிருகத்துக்கு உடம்பு சரியில்லை என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தால் மட்டும் 40 முதல் 75 டொலர் வரை முற்பணம் வாங்கிக்கொண்டு விடுவார்கள், செய்வித்துக் காட்டினால் காசு திரும்பி வரும். அவுஸ்திரேலியத் தலைநகர்ப் பிரதேசத்தில் காப்பகம் என்று இல்லை, வீட்டில் வளர்க்கிற பூனைக்கே சட்டம் இருக்கிறது.

என் அபிப்பிராயம் இதுதான்: முடிந்தவரை கையில் கொடுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். இரண்டு மாத வயதும் ஒரு கிலோ நிறையும் வந்த நலமான பூனைக்குட்டிக்குப் பழகிய வைத்தியரால் செய்ய முடியும், குட்டிகள் பெரியவற்றைவிடச் சீக்கிரம் எழும்பி ஓடுகின்றன. காப்பகங்களுக்கு அதற்குக் காசு வேண்டும், அது எனக்குத் தெரியும். ஆகவே எடுக்கும்போதே அந்தச் செலவை எங்களிடம் வாங்கட்டும். குட்டி இலவசம்தானே என்று முகம் சுளிக்காமல் கொடுப்போம்.

நாய்களில் ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். லாப்ரடோர், கோல்டன் ரிட்ரீவர், ஜேர்மன் ஷெப்பர்ட் மாதிரிப் பெரிய இனங்களுக்கு மிகச் சின்ன வயதில் செய்தால் மூட்டுப் பிரச்சினை கூடலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த இனம் என்றால் வயதை வைத்தியரோடு பேசி முடிவு செய்யுங்கள். காப்பகத்தில் இருக்கிற எங்கள் ஊர் நாய்க்குட்டியை அந்தக் கணக்கில் தள்ளிப்போட வேண்டாம்.

"ஊசி போட்டால் போதாதா?" இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. ஒரு ஊசி போட்டால் சில மாதம் பருவம் தள்ளிப்போகும், உண்மைதான். ஆனால் அந்த ஊசியில் இருக்கிற ஹோர்மோன்தான் கருப்பையில் சீழ் பிடிப்பதற்கும் முலை வீங்குவதற்கும் வழி செய்கிறது. நூறு ரூபாய் மிச்சம் பார்க்கப்போய் மிருகத்தின் உயிரோடு விளையாடக் கூடாது. அப்புறம், கடுவன் வளர்ப்பவர்கள் "எங்கள் வீட்டிலா குட்டி போடப் போகிறது" என்பார்கள். போடுவது பக்கத்துத் தெருவில். கடுவனுக்குச் செய்த பிறகும் சில வாரத்துக்குப் பெட்டையோடு விட வேண்டாம், உள்ளே தங்கிய விந்து அத்தனை நாள் வேலை செய்யும். செய்த பிறகு சாப்பாட்டையும் கொஞ்சம் குறையுங்கள். கருத்தடை செய்ததால் குண்டாகிவிட்டது என்று சொல்லப்படுகிற பூனைகளில் பலவற்றுக்குத் தட்டில் விழுகிற அளவு மாறியிருக்காது.

பாவம் என்று சொல்பவர்களுக்கு நான் மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். விகாரை மதிலுக்குப் பக்கத்தில், மீன் சந்தைக்குப் பின்னால், மழையில் நனைந்த கடதாசிப் பெட்டியில் கண் திறக்காத குட்டிகளைப் பார்த்திருக்கிறீர்கள்தானே. நானும் பார்த்திருக்கிறேன். எனக்கு அதுதான் பாவம். கட்டாக்காலி நாய்களைக் கொல்வதில்லை என்று 2006 இல் இந்த நாடு ஒரு கொள்கைக்கு வந்தது. அது எனக்குப் பெருமை. கொல்ல மாட்டோம் என்று சொன்ன ஊருக்குக் கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி. விசர்நாய்க்கடியை நிறுத்த 100 நாய்களில் 70 நாய்களுக்காவது தடுப்பூசி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருத்தடை விசரைத் தடுக்காது, ஊசிதான் தடுக்கும். ஆனால் ஊசி போடாத புதுக் குட்டிகள் ஒவ்வொரு ஈற்றிலும் வந்துகொண்டிருந்தால் அந்த 70 கைக்கு எட்டாமல் வழுக்கிக்கொண்டே போகும்.

மூன்று குட்டிகள் என்னவாயின என்று கேட்பீர்கள். இரண்டைக் கொடுத்தேன், ஒன்று தெஹிவளைக்கு, ஒன்று கொட்டாஞ்சேனைக்கு. கொடுத்து இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு இரவு இந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். காப்பகம் என்னிடம் கேட்ட அந்த ஒரு வரியைக்கூட நான் அவர்களிடம் கேட்காமல் கொடுத்திருக்கிறேன். இரண்டும் பெட்டைகள்.

இரண்டு வீட்டுக்கும் போனேன். தெஹிவளை அக்கா உடனே சம்மதித்தார், செலவில் பாதியை நான் கொடுக்கிறேன் என்றேன். கொட்டாஞ்சேனை ஐயா யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவரைக் கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்லை, நான் எந்த நிபந்தனையும் வைக்காமல் கொடுத்ததுதான். ஞாயிற்றுக்கிழமை மிளகின் தையல் அடையாளத்தை அவருக்குக் காட்டப் போகிறேன், இப்போது மயிர் முளைத்து மூடிவிட்டது, தேடித்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது குட்டி இதோ, என் மடியில். கடுவன், பெயர் சுக்கு. நாலு மாதம் ஆகிறது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இவனையும் தெஹிவளையில் இருக்கிற இவன் தங்கச்சிக் குட்டியையும் ஒரே ஓட்டோவில் கொண்டுபோகிறேன். காப்பகத்துத் தொண்டருக்கும் நேற்று நானே அழைத்துச் சொல்லிவிட்டேன்.