ஆள் போனால் தொழிலும் போகும்

வணக்கம், நேயர்களே. இராணுவ ஆய்வுகூடங்களில் கெட்டிக்கார விஞ்ஞானிகளைத் தக்கவைப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற ஊரில் இதென்ன பேச்சு என்று ஹட்டன் பக்கம் யாராவது நினைக்கலாம். எனக்கும் குண்டு செய்வதில் பிரியம் கிடையாது. ஆனால் தொழில் தெரிந்தவர்கள் போய்விட்டால் என்ன நடக்கும் என்பதை அங்கே நடந்த ஒரு சங்கதி நன்றாகவே காட்டுகிறது.

அமெரிக்க அணுகுண்டு ஒன்றுக்குள் வைக்கிற ஒரு பொருளைப் பற்றியது அந்தச் சங்கதி. பொருளின் பெயர் ஃபொக்பேங்க். எதனால் ஆனது என்பது இன்றும் இரகசியம். 1980களில் டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜில் செய்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். 2000க்குப் பிறகு டபிள்யூ-76 என்கிற அந்தக் குண்டுகளைப் புதுப்பிக்க அது மறுபடி தேவைப்பட்டது. தேடிப் பார்த்தால் குறிப்புகள் கொஞ்சம்தான். செய்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் ஓய்வு பெற்றோ விலகியோ போயிருந்தார்கள். அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகமே 2009இல் இதை அறிக்கையில் எழுதியது.

சரி, புதிதாகச் செய்தார்கள். பதம் வரவில்லை. ஏன் என்று தோண்டிப் பார்த்தால், பழைய மூலப்பொருளில் ஏதோ ஓர் அசுத்தம் கலந்திருந்திருக்கிறது. பதம் கொடுத்ததே அதுதான். புதிய முறையில் நன்றாகச் சுத்தம் செய்து அதை நீக்கிவிட்டார்கள். இத்தனைக்கும் அந்த அசுத்தத்தின் அருமை பழைய ஆட்களுக்கே தெரியாது. தெரியாததை எந்தக் குறிப்பேட்டில் எழுதி வைப்பது?

நம் இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், டீமேக்கர் வாட்டப் போட்ட கொழுந்திலிருந்து ஒரு பிடி அள்ளி இறுக்குவார். கையை விரித்ததும் உருண்டை அவிழ்கிற விதத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் காத்து விடு" என்பார். மழைக் கொழுந்துக்கு ஒரு கணக்கு, வெயில் கொழுந்துக்கு இன்னொன்று. பக்கத்தில் நிற்கிற பையனுக்கு அது பார்த்துப் பார்த்துத்தான் பிடிபடும். இஸ்டோரை மூடிவிட்டால் பார்க்க எதுவும் இல்லை.

சம்பளமும் முக்கியம்தான். 1980இல் கலிபோர்னியாவின் சைனா லேக் கடற்படை ஆய்வு நிலையத்தில் இறுகிய சம்பளப் படிகளைத் தளர்த்தி, வேலையின் தரத்துக்கேற்பக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனாலும் செய்ய உருப்படியான வேலை இல்லாத இடத்தில் கெட்டிக்காரன் இருக்கமாட்டான் என்பதே என் எண்ணம். இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ 2020இல் 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்றே ஐந்து ஆய்வுகூடங்களைத் திறந்தது. இளவயதில் பொறுப்பு கொடுப்பது நல்லதுதான். மூத்த கைகள் பக்கத்தில் இல்லாமல் அவர்கள் யாரைப் பார்த்துப் பழகுவார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இங்கே இலங்கையிலும் ஹோமாகம பக்கம் பாதுகாப்பு ஆய்வு நிலையம் ஒன்று இருக்கிறது. அந்த மாதிரி இடத்தில் பொறியியலாளராக வேண்டுமென்றால் உயர்தரத்தில் பௌதிகமும் இணைந்த கணிதமும் படித்திருக்க வேண்டும். தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் அந்தப் பிரிவே இல்லை. பிள்ளைகள் டவுனுக்கு பஸ் ஏறுகிறார்கள். அங்கே அருமையாகக் கணிதம் சொல்லிக்கொடுக்கிற சேர் இடமாற்றம் கிடைத்ததும் போய்விடுகிறார், புதியவர் வருவதற்கு முன்பே. ஒரு தவணைக்காவது இரண்டு பேரும் ஒரே வகுப்பில் நிற்க வலயக் கல்வி அலுவலகங்கள் ஒழுங்கு செய்ய வேண்டும். இடமாற்றக் கடிதத்தில் திகதியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாலே நடக்கிற காரியம் இது. நன்றி, வணக்கம்.