பஞ்சு வளர்த்த மான்செஸ்டர்

(கோவையில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நம் ஊரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம். ஆனால் அந்த மான்செஸ்டரைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது இரண்டு கால்பந்து அணிகளின் பெயர்கள் மட்டுமே. வட இங்கிலாந்தில் உள்ள அந்த நகரத்துக்குப் படிக்கவும் வேலை பார்க்கவும் நம் பிள்ளைகள் போகிறார்கள். அவர்களைப் பார்க்கப் பெற்றோரும் போகிறார்கள். போனவர்கள் விளையாட்டரங்கத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு உடனே லண்டனுக்கு ரயில் ஏறிவிடுகிறார்களே என்பது என் நெடுநாள் வருத்தம். அந்த நகரத்தின் நாடக அரங்கு, நூலகம், சாப்பாட்டுக் கடை என்று எதை எடுத்தாலும் அதன் அடியில் பெரும்பாலும் ஒரு பஞ்சுப் பொதி இருக்கிறது. பஞ்சும் நூலும் அறிந்த ஓர் ஊரிலிருந்து போகிறவர்கள் அந்தப் பொதியைத் தேடிக்கொண்டே நடந்தால், வழிகாட்டி இல்லாமலேயே நகரம் விளங்கிவிடும்.

நடையைத் தொடங்க வேண்டிய இடம் ராயல் எக்ஸ்சேஞ்ச். பஞ்சுக்கும் நூலுக்கும் துணிக்கும் விலை பேசிய வணிகக்கூடம் அது. அங்கே 1968-இல் வியாபாரம் நின்றுபோனது. உயரத்தில் பொருத்தியிருக்கும் விலைப்பலகையில் அந்தக் கடைசி நாளின் விலைகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. பஞ்சு ஒரு கண்டி (பஞ்சை நிறுக்கும் அளவு) என்ன விலை என்று காலையில் எழுந்ததும் விசாரிக்கும் குடும்பங்களில் பிறந்தவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள்; அந்தப் பலகையின் கீழே நிற்கும்போது மனத்தில் எழுவதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பலகைக்குக் கீழே 1976 முதல் நாடகம் நடந்துவருகிறது. மேடையைச் சுற்றிலும் ஏறத்தாழ 700 பேர் அமர்ந்து பார்க்கும் அரங்கு அது. பழைய கூடத்தின் தளம் இவ்வளவு பாரத்தைத் தாங்காது என்பதால், எஃகும் கண்ணாடியும் கொண்டு செய்த, சுமார் 150 டன் எடையுள்ள அந்த அரங்கத்தைக் கூடத்தின் நான்கு பெருந்தூண்களிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் நடிகரின் முகம் தெளிவாகத் தெரியும். பழைய கட்டடத்தை இடிக்காமல், அதன் நினைவையும் அழிக்காமல் புதுத்தொழிலுக்குக் கொடுப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை நான் பார்த்ததில்லை. மூடிக்கிடக்கும் நம் மில் வளாகங்களை நினைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

சற்றுத் தொலைவில், டீன்ஸ்கேட் சாலையில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகம் இருக்கிறது. துணித் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஜான் ரைலண்ட்ஸ் 1888-இல் காலமான பிறகு, கியூபாவில் பிறந்த அவருடைய மனைவி என்ரிக்கேட்டா கணவரின் நினைவாகக் கட்டிய நூலகம் இது. 1900-ஆம் ஆண்டின் முதல் நாளில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தேவாலயம் என்றே நினைப்பார்கள். எரிவாயு விளக்கின் புகை ஏடுகளைக் கெடுத்துவிடும் என்று கருதி, அந்தக் காலத்திலேயே மின்விளக்கு போட்டார்கள். விவிலியத்தின் புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய பிரதிகளுள் ஒன்றாகக் கருதப்படும், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பாப்பிரஸ் என்ற நாணல் தாள் துண்டு ஒன்று இங்கேதான் பாதுகாக்கப்படுகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. இதைவிடப் பழையது, 1653-இல் தோன்றிய செத்தம்ஸ் நூலகம். கார்ல் மார்க்ஸும் எங்கெல்ஸும் 1845-இல் ஒரு சன்னலோர மேசையில் சேர்ந்து அமர்ந்து படித்தது அங்கேதான். எங்கெல்ஸ் மான்செஸ்டருக்கு வந்ததற்குக் காரணமும் அவருடைய தந்தை பங்குதாரராக இருந்த நூல் ஆலைதான்.

முதலாளிகளின் பணம் கட்டியதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் நகரத்தில் பாதியைத்தான் பார்த்ததாகும். மீதிப் பாதி, இர்வெல் ஆற்றங்கரையில் ஒரு பழைய நீரேற்று நிலையத்தில் இயங்கும் மக்கள் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1819 ஆகஸ்ட் 16 அன்று வாக்குரிமை கேட்டுச் செயின்ட் பீட்டர் திடலில் திரண்ட ஏறத்தாழ 60,000 பேர் மீது குதிரைப்படையை ஏவிய பீட்டர்லூ படுகொலையின் வரலாற்றை அங்கே அறியலாம். தொழிற்சங்கங்கள் ஊர்வலத்தில் ஏந்திவந்த பட்டுப் பதாகைகள் அங்கே பெருந்தொகையாக உள்ளன. ஓவியம் தீட்டிய அந்தப் பட்டுத்துணிகளைப் பழுதுபார்த்துக் காப்பதற்கென்று தனிப் பட்டறையே வைத்திருக்கிறார்கள்.

லிங்கன் சதுக்கத்தில் நிற்கும் ஆபிரகாம் லிங்கன் சிலையையும் அவசியம் பார்க்க வேண்டும். 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு, தென்மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டபோது, பஞ்சு வராமல், மான்செஸ்டர் உள்ளிட்ட லங்காஷயர் வட்டாரத்தின் ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. நம் நாட்டிலிருந்து போன பருத்தி, சூரத் என்ற பெயரில், அந்த இடத்தை ஓரளவு நிரப்பியது. இழை குட்டையாக இருந்ததால் நூல் அடிக்கடி அறுந்தது; துண்டுக்குக் கூலி வாங்கிய தொழிலாளியின் வருமானமும் அதோடு அறுந்தது. அவ்வளவு பட்டினியிலும், 1862-இன் கடைசி நாளில் மான்செஸ்டரில் கூடிய தொழிலாளர்கள் அடிமைமுறைக்கு எதிராக நின்று லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்கள். லங்காஷயர் முழுவதும் அப்படி நின்றது என்று சொல்ல முடியாது. ஆயினும் அந்தக் கூட்டத்தின் மனவுறுதி பெரியது. அடுத்த மாதமே லிங்கன் நன்றி தெரிவித்து எழுதிய மறுமொழியின் பகுதியைச் சிலையின் பீடத்தில் படிக்கலாம்.

பேட்டைகளுக்கு வருவோம். கால்வாயை ஒட்டிய ஆன்கோட்ஸ் ஒரு காலத்தில் நூற்பாலைகளின் காடு. இன்று அந்தச் செங்கல் ஆலைகள் அடுக்குமாடி வீடுகளாகிவிட்டன. அங்குள்ள புகழ்பெற்ற உணவகங்களில் சாப்பிடக் கையில் காசு தாராளமாக வேண்டும். எனக்குப் பிடித்தது பக்கத்திலுள்ள நார்தர்ன் குவார்ட்டர். பழைய மீன் சந்தைக் கட்டடத்தில் கைவினைக் கலைஞர்கள் தொழில் செய்து விற்கிறார்கள். அதன் பின்சந்துகளில் 'ரைஸ் அண்ட் த்ரீ' என்ற சாப்பாடு கிடைக்கும். சோற்றின் மேல் நாம் கைகாட்டும் மூன்று குழம்பு, கறிகளைக் கரண்டியால் அள்ளி ஊற்றி ஒரே தட்டில் நீட்டுவார்கள். பருப்பு, கீரை, கொத்துக்கறி என்று அன்றைக்கு வைத்திருப்பதுதான் கிடைக்கும். சோப் ஸ்ட்ரீட்டில் உள்ள 'திஸ் அண்ட் தட்' 1984 முதல் இப்படிப் பரிமாறிவருகிறது. அந்தப் பகுதியின் துணிக் கிடங்குகளிலும் தையல் பட்டறைகளிலும் வேலை பார்த்த தெற்காசியத் தொழிலாளர்கள் அரைமணி நேர இடைவேளையில் பசியாற வேண்டியிருந்ததால் வளர்ந்த சாப்பாட்டு முறை இது. மான்செஸ்டரில் ஒரே ஒரு வேளைதான் சாப்பிட முடியும் என்றால் இதைத்தான் சாப்பிடச் சொல்வேன்.

இன்னொரு நாளை ஆக்ஸ்போர்டு சாலைக்கு ஒதுக்குங்கள். மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் 2023-இல் தெற்காசியக் கூடம் ஒன்று திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தோடு சேர்ந்து, தெற்காசிய வேர் கொண்ட 30 பேர் அடங்கிய குழு அதை வடிவமைத்தது. அரும்பொருள்களுக்கு நடுவே அவர்களுடைய சொந்தக் குடும்பங்களின் கதைகளும் இடம்பெற்றிருக்கின்றன. அதே சாலையில் மேலும் தெற்கே விட்வொர்த் ஓவியக்கூடம். திருகாணியில் வெட்டும் மரையின் அளவை 1841-இல் ஒழுங்குபடுத்திய ஜோசப் விட்வொர்த் விட்டுச்சென்ற சொத்தில் உருவானது. நம் லேத் பட்டறைகளில் விட்வொர்த் மரை என்று சொல்கிறோமே, அந்த விட்வொர்த்தேதான். ஓவியங்களோடு நெய்த துணிகளும் அச்சிட்ட துணிகளும் அங்கே ஏராளம்.

அங்கிருந்து நேரே தெற்கே நடந்தால் சாலை வில்ம்ஸ்லோ சாலை என்று பெயர் மாறி, ரஷ்ஹோம் வந்துவிடும். 1950-களிலும் 60-களிலும் பஞ்சாலை வேலைக்கு வந்த பாகிஸ்தானியரும் வங்காளிகளும் இந்தியரும் கூடிச் சாப்பிட்ட சிறு கடைகள் பெருகி, அந்தச் சாலைக்குக் 'கறி மைல்' என்ற பெயர் வந்தது. இப்போது குழம்புக் கடைகளுக்குப் பக்கத்திலேயே அரபு, ஆப்கானியக் கடைகளும் நிறைந்துவிட்டன. பழைய கறி மைல் போய்விட்டதே என்று சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. முன்பு வந்தவர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போக, பின்னால் வந்தவர்கள் அதே சாலையில் அடுப்பு மூட்டுகிறார்கள். மாலையில் பசியோடு போங்கள். கல்லில் சுடச்சுட எடுத்த ரொட்டியும் கரியடுப்பில் வாட்டிய இறைச்சியும் இரவு நெடுநேரம் வரை கிடைக்கும்.