யார் வீட்டு மாட்டுக்காக?

(கிருஷ்ணகிரியில் முன்னாள் படைவீரர்கள் கூடிய நிகழ்ச்சி ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும், முன்வரிசையில் பதக்கம் குத்திக்கொண்டு வந்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

நம் பக்கத்து ஊர்களில் வேடியப்பன் என்று நடுகல்லுக்குப் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பார்த்தால் சில கற்களில் வட்டெழுத்து தெரியும். எந்த அரசன் காலம், எந்த ஊர்த் தொறு, அதை மீட்கப் போய்ப் பட்டவன் யார். தொறு என்றால் மாட்டு மந்தை. யாருடைய மாட்டுக்காகச் செத்தான் என்பதைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள்.

அந்தக் கேள்வியைத் தன்னையே கேட்டுக்கொண்ட ஓர் அமெரிக்கத் தளபதியைப் பற்றித்தான் பேச வந்தேன். பெயர் ஸ்மெட்லி பட்லர். 1881-ல் பென்சில்வேனியாவில், போரே ஆகாது என்னும் குவேக்கர் கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்தில் பிறந்தவர். 16 வயதில் வயதைக் கூட்டிச் சொல்லி, கப்பலில் போய்க் கரையிறங்கிச் சண்டையிடும் மரைன் படையில் சேர்ந்தார். சீனா, நிகராகுவா, மெக்சிகோ, ஹைட்டி என்று 33 ஆண்டுகளுக்கு மேல் சேவை. மேஜர் ஜெனரல் ஆனார். நம் பரம் வீர் சக்ராவைப் போல அங்கே உச்ச விருது மெடல் ஆஃப் ஆனர். அதை இரண்டு முறை வாங்கினார்.

முதலாவது, 1914-ல் மெக்சிகோவின் வெராகுரூஸ் சண்டைக்கு. அந்த ஒரு சண்டைக்கே 50 பேருக்கு மேல் அள்ளிக் கொடுத்தார்கள். இதற்குத் தகுந்த எதையும் நான் செய்யவில்லை என்று பட்லர் திருப்பி அனுப்பினார். வைத்துக்கொள், அணிந்தும் கொள் என்று உத்தரவு வந்தது. வாங்கிய பதக்கத்தைத் திருப்பித் தர எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

முதல் உலகப்போரில் பிரான்சின் பிரெஸ்ட் முகாம் அவர் பொறுப்பில் வந்தது. எங்கும் சேறு, நோய். பதுங்குகுழியில் கால் புதையாமல் இருக்கப் போடும் மரப்பலகைகள் துறைமுகத்தில் சும்மா கிடந்தன. முதல் பலகையை அந்த ஜெனரலே தோளில் தூக்கிக்கொண்டு மேடேறி முகாமுக்கு நடந்தார். பின்னால் என்ன பேசினாலும் சிப்பாய்கள் அவரை நம்பியது, எனக்குத் தெரிந்தவரை, இந்தத் தோளுக்காகத்தான்.

1931-ல் ஓய்வு. 1935-ல் போர் ஒரு கொள்ளை வியாபாரம் என்று சிறுநூலே எழுதிவிட்டார். மெக்சிகோவில் எண்ணெய் முதலாளிகளுக்கும், ஹைட்டியில் நியூயார்க் வங்கிக்காரர்களுக்கும் அடியாள் வேலை பார்த்தேன் என்று தன் பெயர் போட்டே ஒப்புக்கொண்டார். பையன்களைப் படைக்குப் பிடிக்கும் முன் முதலாளியையும் வங்கிக்காரரையும் பிடியுங்கள், சிப்பாய்க்குத் தரும் அதே மாதம் 30 டாலரை அவர்களுக்கும் கொடுங்கள் என்றார். சொந்த மண்ணைக் காக்கும் படை வேண்டாம் என்று அவர் சொன்னதே இல்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

1932-ல் வேலையில்லாமல் வாடிய முன்னாள் வீரர்கள், அரசு வாக்களித்த போனஸை இப்போதே கொடு என்று குடும்பத்தோடு வாஷிங்டனில் குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். பட்லர் போனார், பேசினார், ராத்திரி அவர்களோடே தங்கினார். ஜூலை 28-ல் ராணுவமே வந்து அவர்களை விரட்டியது. குடிசைகள் எரிந்தன.

பதக்கக்காரர் கதையைப் பதக்கம் இல்லாத நான் இவ்வளவுதான் சொல்ல முடியும். முன்வரிசை அண்ணன்மாரில் யாராவது எழுந்து வாருங்கள். மைக் உங்களுடையது.